காண்டாமிருகத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நீல அடுப்பு

சௌராஹாவுக்குப் போகிறவர்கள் போவது காண்டாமிருகம் பார்க்க. நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்காவை ஒட்டி, ராப்தி ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது. காலையில் மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் ஆற்றில் ஒரு சுற்று. பிறகு ஜீப்பில் காட்டுக்குள் ஒரு சுற்று. சாயங்காலம் கரையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பது. ராத்திரி தாரு மக்களின் கோலாட்டம். இரண்டு நாளில் எல்லாம் முடிந்து, செல்போன் நிறையப் படங்களோடு கிளம்பிவிடுவார்கள்.

மூன்றாவது நாள் ஒன்று கைவசம் இருந்தால், ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போகலாம். சித்வனின் இன்னொரு கதை அங்கே மண்ணுக்கடியில் இருக்கிறது. படம் எடுக்க லாயக்கில்லாத கதை. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே ஒரு சிமென்ட் தொட்டி. அதில் கையால் சுற்றுவதற்கு ஒரு இரும்புக் கைப்பிடி. கொஞ்சம் தள்ளி, தரையிலிருந்து தலையை நீட்டும் ஒரு குழாய். அதற்கும் அப்பால், சிமென்ட் பலகைகள் போட்டு மூடிய ஒரு குழி. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒற்றை அடுப்பில் நீலத் தீ. மேலே பருப்பு கொதிக்கிறது. பாத்திரத்தின் அடியில் கரி இல்லை.

கோபர் கேஸ்! நேபாளத்திலும் அதே பெயர்தான்.

கோபர் கேஸ் என்றதும் நம்மூரில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு காட்சி மனதில் ஓடும். வீட்டுக் கொல்லையில் கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். சில வருடங்கள் எரிந்தது, பிறகு டிரம் துருப்பிடித்தது, ஓட்டை விழுந்தது, கடைசியில் தொட்டியில் குப்பை கொட்டினார்கள். நன்றாக ஓடியவையும் உண்டு, இன்றும் ஓடுபவையும் உண்டு. ஆனாலும், ‘மானியத்துக்குக் கட்டினது’ என்ற பெயர்தான் பல ஊர்களில் மிஞ்சியது. நேபாளத்திலும் ஆரம்பம் இதே இரும்பு டிரம்தான். அதற்குப் பிறகு கதை வேறு பக்கம் திரும்பியது. மூன்று கோடிப் பேர்கூட இல்லாத அந்த நாட்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சாண எரிவாயுக் கலன்கள் கட்டப்பட்டிருக்கின்றன.

ராப்தி என்று இரண்டு ஆறுகள்

கோவை, சேலம் ரயில் நிலையங்களில் ‘ராப்தி சாகர் எக்ஸ்பிரஸ்’ என்ற அறிவிப்பைக் கேட்டிருக்கலாம். கோரக்பூர் போகும் ரயில் அது. கோரக்பூர் ராப்தி நதிக்கரையில் இருப்பதால் அந்தப் பெயர். கோரக்பூரில் இறங்கி, சாலை வழியே சுனௌலி எல்லைக்குப் போய், அந்தப்பக்கம் புட்வல், நாராயண்கட் என்று பஸ் பிடித்தால் சித்வன் வந்துவிடும். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஒரே ஒரு குழப்பம், கோரக்பூர் ராப்தி வேறு, சௌராஹாவில் ஓடும் ராப்தி வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

இமயமலையின் காலடியில் கிடக்கும் இந்தச் சமவெளியை ஒரு காலத்தில் காவல் காத்தது மலேரியா. 1950கள் வரை மலைநாட்டு மக்கள் இங்கே இறங்கிவந்து குடியேறப் பயந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்த தாரு மக்களுக்கு மட்டும் அந்தக் காய்ச்சலைத் தாங்கும் சக்தி இருந்தது. பிறகு கொசு மருந்து வந்தது. மலேரியா அடங்கியதும் மலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறங்கினார்கள். காடு வயலானது. 1950 வாக்கில் சுமார் 800 இருந்த காண்டாமிருகங்கள், 1960களின் முடிவில் ஏறக்குறைய 100 என்று சுருங்கிப்போயின. மிச்சத்தைக் காப்பாற்ற 1973-ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. நேபாளத்தின் முதல் தேசியப் பூங்கா. 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது.

காட்டுக்கு வேலி வந்தது. ஆனால், அடுப்பு அதே விறகடுப்பு. விறகுக்கு எங்கே போவது?

காட்டுக்குத்தான். முன்பு பகிரங்கமாகப் போனவர்கள், பிறகு பயந்து பயந்து போனார்கள். முதுகில் ‘டோகோ’ என்ற மூங்கில் கூடை, அதைத் தாங்க நெற்றியில் ஒரு பட்டை. போனது பெரும்பாலும் பெண்கள். காவலர் பிடித்தால் அபராதம், அரிவாள் பறிமுதல். ஆள் உயரப் புல்லுக்குள் காண்டாமிருகம் படுத்திருந்தால் அது இன்னொரு கதை. கிட்டப்பார்வை உள்ள மிருகம், தூரத்தில் நிற்பது மனிதரா மரமா என்று அதற்குச் சட்டென்று தெரியாது. சந்தேகம் வந்தால் பாய்ந்துவிடும். புலி வேறு. சித்வனைச் சுற்றிய ஊர்களில் விறகுக்கும் புல்லுக்கும் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. வீட்டுக்குத் திரும்பியவர்களுக்குப் புகை காத்திருந்தது. ஜன்னல் இல்லாத சமையலறை, ஈர விறகு, இருமல், எரியும் கண்கள்.

ஆக, சித்வனில் ஓர் எருமையின் சாணம் அடுப்புக்குள் எரிவாயுவாக வந்து சேர்ந்தது என்றால், அது வெறும் எரிபொருள் சிக்கனம் இல்லை. காட்டுக்குப் போக வேண்டிய ஒரு நடை குறைந்தது.

பாதிரியார் தொடங்கிவைத்தது

நேபாளத்தில் முதல் சாண எரிவாயுக் கலனைக் கட்டியவர் ஒரு பாதிரியார், பெர்ட்ராண்ட் சௌபோல். காத்மாண்டு பள்ளத்தாக்கின் கோதாவரியில் இருக்கும் புனித சேவியர் பள்ளியில் ஆசிரியர். 1955-ல் அவர் கட்டியது செயல்விளக்கத்துக்காக. பார்த்தவர்கள் வியந்தார்கள், போய்விட்டார்கள். இருபது வருடம் கழித்து, 1975-ஐ ஒட்டி நேபாள அரசு ‘விவசாய ஆண்டு’ என்று அறிவித்தபோதுதான் அரசே கடன் கொடுத்துக் கலன்களைக் கட்டவைத்தது. அப்போது கட்டியவை சுமார் 200. எல்லாம் இந்திய மாதிரி, இரும்பு டிரம் மிதக்கும் வகை. 1977-ல் இதற்கென்றே ‘கோபர் கேஸ் கம்பெனி’ பிறந்தது.

இரும்பு டிரம்மை மலைநாட்டுக்குள் தூக்கிச் செல்வதே பெரும்பாடு. தூக்கிச் சென்றாலும் துரு விடாது. கம்பெனிக்காரர்கள் சீனத்தில் பிரபலமாக இருந்த கூரை மூடிய வகையை எடுத்து, தங்கள் மண்ணுக்கும் கொத்தனார்களுக்கும் தக்கபடி மாற்றிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் தேறிய வடிவத்துக்கு ‘ஜிஜிசி 2047’ என்று பெயர். அந்த எண்ணைப் பார்த்து எதிர்காலக் கலன் என்று நினைக்க வேண்டாம். நேபாளிகள் பின்பற்றும் விக்ரம் சகாப்தத்தில் அது 2047. நம் கணக்கில் 1990.

அதைக் கட்டும் விதம் வேடிக்கையானது. முதலில் வட்டமாகக் குழி தோண்டி, கல்லோ செங்கல்லோ வைத்துச் சுற்றுச்சுவர் எழுப்புவார்கள். பிறகு தோண்டிய மண்ணையே திரும்பக் குழிக்குள் கொட்டுவார்கள்! நிரம்பியதும், மேலே மண்ணைக் குவித்து, கவிழ்த்த சட்டி மாதிரி வழவழவென்று உருட்டுவார்கள். அந்த மண்மேட்டின் மேல் கான்கிரீட் பூசி, ஒரு வாரத்துக்குமேல் ஆறவிடுவார்கள். கான்கிரீட் இறுகியதும், பக்கத்தில் விட்டிருக்கும் வாசல் வழியாக உள்ளே நுழைந்து, அத்தனை மண்ணையும் தோண்டி வெளியே எடுப்பார்கள். மண் போனதும் உள்ளே ஒரு குகை மிஞ்சும். பலகை, இரும்பு அச்சு எதுவும் தேவையில்லை. மண்ணே அச்சு. உள்பக்கம் காற்றுப் புகாமல் பூச்சு அடித்து, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டால் கலன் தரைக்கடியில் மறைந்துவிடும். அசையும் பாகமோ துருப்பிடிக்கும் தகடோ கிடையாது. ஒழுங்காகக் கட்டியது இருபது வருடமும் தாங்கும்.

‘ஒழுங்காக’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் நேபாளத்தின் வெற்றி இருக்கிறது. 1992-ல் நெதர்லாந்து உதவியோடு தொடங்கிய சாண எரிவாயுத் திட்டத்தில், கட்டும் வேலையைப் பல தனியார் நிறுவனங்களுக்கு விட்டார்கள். ஆனால், மானியம் லேசில் கிடைக்காது. பயிற்சி பெற்ற கொத்தனார்தான் கட்ட வேண்டும். குறிப்பிட்ட வடிவத்தில்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் சில வருடங்களுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும். அதிகாரிகள் சில வீடுகளைப் பொறுக்கியெடுத்து அளவெடுப்பார்கள். கூரை பிசகினாலோ குழாய் ஒழுகினாலோ நிறுவனத்தின் பணத்தில் பிடித்தம். மானியமும் சதவிகிதக் கணக்கு இல்லை, ஒரு கலனுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. பெரிதாகக் கட்டினால் அதிக மானியம் என்று ஆசைகாட்டி விற்க வழியில்லை. மீதிப் பணத்தை வீட்டுக்காரர் கடன் வாங்கியோ, மண் தோண்டி உடல் உழைப்பாகவோ கொடுத்தார். சொந்தப் பணமும் வியர்வையும் போட்ட கலன், அதில் யாரும் குப்பை கொட்டமாட்டார்கள்.

2005-ல் இந்தத் திட்டத்துக்கு லண்டனின் ஆஷ்டன் விருது கிடைத்தது. அதே ஆண்டு, கரியமில வாயுவைக் குறைத்ததற்காக உலகச் சந்தையில் பணம் பெறும் முறையில் நேபாளத்தின் பெயரில் முதன்முதலாகப் பதிவானதும் இந்தச் சாண அடுப்புகள்தான்.

இரண்டு எருமை, ஒரு சிலிண்டர்

காலையில் கொட்டிலைக் கூட்டியதும் வேலை ஆரம்பிக்கிறது. சாணத்தை அள்ளித் தொட்டியில் போட்டு, அதே அளவு தண்ணீர் ஊற்றி, கைப்பிடியைச் சுற்றுகிறார்கள். கட்டி கரைந்து, தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் அடைப்பைத் திறந்தால், கரைசல் மளமளவென்று உள்ளே இறங்கும். பத்து நிமிட வேலை. பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் செய்கிறார்கள்.

உள்ளே போனது சுமார் இரண்டு மாதம் காற்றில்லாத இருட்டில் கிடக்கும். அங்கே நுண்ணுயிரிகள் இரண்டு கோஷ்டியாக வேலை செய்கின்றன. முதல் கோஷ்டி, வந்த சரக்கை உடைத்துப் புளிக்கவைத்து அமிலமாக்கும். இரண்டாவது கோஷ்டி அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் வாயுவை விடும். கிடைக்கும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. வாயு சேரச் சேரக் கூரைக்குள் அழுத்தம் ஏறி, அதுவே குழாய் வழியாக அடுப்புக்கு வரும். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

கணக்கு இதுதான். ஒரு கிலோ சாணத்தில் சுமார் 40 லிட்டர் வாயு. இரண்டு எருமைகள் சேர்ந்து ஒரு நாளைக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் போடும். அப்படியானால் 1,000 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர் வாயு. ஒற்றை அடுப்பு மணிக்கு 350 முதல் 400 லிட்டர் குடிக்கும். ஆக, ஏறக்குறைய இரண்டரை மணி நேரச் சமையல். சின்னக் குடும்பத்தின் சோறு, பருப்பு, தர்காரி, டீ எல்லாம் அதில் அடங்கிவிடும். நம் சிலிண்டர் கணக்குக்கு மாற்றினால், இரண்டு எருமைகள் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சமையல் சிலிண்டர் அளவுக்குத் தருகின்றன. பால் தனி!

காய்கறித் தோல் என்ன ஆகிறது? எருமை இருக்கும் வீட்டில் உருளைக்கிழங்குத் தோலும் காலிஃபிளவர் இலையும் நேராகக் கலனுக்குப் போவதில்லை. எருமைக்குப் போகின்றன. மறுநாள் சாணமாக வந்து அடுப்பில் எரிகின்றன. எருமை இல்லாத வீட்டில்தான் தோல் நேராகத் தொட்டிக்கு வரும். அதில் ஆச்சரியம் என்னவென்றால், கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சாப்பாட்டுக் கழிவுதான் அதிக வாயு தரும். சாணம், மாடு ஏற்கெனவே சாறெடுத்துவிட்ட சக்கை. மிஞ்சிய சோற்றிலும் கிழங்குத் தோலிலும் சத்து அப்படியே இருக்கிறது. புனேயில் ஆனந்த் கார்வே தொடங்கிய ‘ஆர்த்தி’ என்ற நிறுவனம், இதை வைத்தே பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் சமையலறைக் கழிவுக் கலன் செய்து 2006-ல் ஆஷ்டன் விருது வாங்கியது. மறு ஆண்டு அதே விருது, கேரளத்து வீடுகளில் உணவுக் கழிவுக் கலன்களைப் பரப்பிய திருவனந்தபுரத்து ‘பயோடெக்’ நிறுவனத்துக்கு. மாடு கட்ட இடமில்லாத நகர வீட்டுக்கு அதுதான் வழி.

அப்படியானால் சாணமே வேண்டாமா? வேண்டும். நுண்ணுயிரிகள் வருவதே சாணத்தோடுதான். கலனைத் தொடங்கச் சாணம் இல்லாமல் ஆகாது. தோலையும் சோற்றையும் மட்டும் அள்ளி அள்ளிப் போட்டால், முதல் கோஷ்டி வேகமாக அமிலத்தைக் கொட்டும், இரண்டாவது கோஷ்டியால் ஈடுகொடுக்க முடியாது. வெயில் காலத்தில் வெளியே மறந்துவிட்ட இட்லி மாவு மாதிரி உள்ளே எல்லாம் புளித்துப்போகும். வாயு வரும், ஆனால் பற்றாது. அப்போது தோல் போடுவதை நிறுத்தி, சில நாட்கள் சாணக் கரைசல் மட்டும் ஊற்றி, வயிற்றைச் சரிசெய்ய வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைத் தள்ளிவைப்பது நல்லது. முட்டை ஓடும் எலும்பும் செரிக்காது, அடியில் தங்கிவிடும். வாழைத்தோல், கிழங்குத் தோலையும் பொடியாக நறுக்கிச் சாணத்தோடு கலந்து போட்டால்தான் சமர்த்தாகச் செரிக்கும்.

கழிப்பறைக் குழாய்

சித்வனில் பல வீடுகளில் கலனுக்குள் இன்னொரு குழாயும் போகிறது. அது கழிப்பறையிலிருந்து வருவது.

முதலில் யாரும் ஒப்பவில்லை. ஒப்புவார்களா என்ன? சமையலறைக்குச் செருப்போடு வரக் கூடாது என்று சொல்லும் வீட்டில், கழிப்பறை வாயுவில் சோறு வடிப்பதா? யார் என்ன சொல்லி மனதை மாற்றினார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பக்கத்து வீட்டைப் பார்த்ததுதான் முக்கால்வாசி. அங்கே தீ அதே நீலத்தில் எரிந்தது, சோறு அதே ருசியில் இருந்தது, வாடை இல்லை. இன்னொரு பக்கம், வீட்டோடு ஒரு கழிப்பறை கிடைத்தது. இருட்டும்வரை காத்திருந்து வயலோரம் ஒதுங்கிய பெண்களுக்கு, அதுவும் காண்டாமிருகம் மேய வரும் வயலோரம், அந்தக் கழிப்பறைக்காகவே கலன் கட்டலாம் என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை. இன்று நேபாளத்தின் கலன்களில் பெரும்பாலானவற்றில் கழிப்பறை சேர்ந்தே இருக்கிறது. அந்த வீடுகளில் கழிப்பறைக்கு ஆசிட், ஃபினாயில் ஊற்ற மாட்டார்கள். ஊற்றினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிரிகள் செத்து, அடுப்பு அணைந்துபோகும். வெளியே வரும் குழம்பையும் அப்படியே காய்கறிக்கு ஊற்றாமல், வைக்கோலும் இலைதழையும் போட்டு மக்கவைத்து உரமாக்குகிறார்கள். ஜனவரியில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் சித்வன் கடுகு வயல்கள் சிலவற்றுக்கு உரம் இந்தக் குழியிலிருந்து போனதுதான்.

எல்லா வேலையும் நீல அடுப்பில் முடிந்துவிடுவதில்லை. எருமைக்கு ‘குண்டோ’ என்று ஒரு கஞ்சி காய்ச்சுவார்கள்: தவிடு, தானியம், காய்கறிக் கழிவு எல்லாம் போட்டு அண்டா நிறைய. அதற்கு இந்த ஒற்றை அடுப்பு போதாது. ‘ரக்ஸி’ என்ற நாட்டுச் சாராயம் வடிக்கவும் போதாது. ஆகவே, முற்றத்தின் மூலையில் விறகடுப்பும் பெரும்பாலான வீடுகளில் உயிரோடுதான் இருக்கிறது. விறகே வேண்டாம் என்று ஆகிவிட்டதாகச் சொல்லும் பிரசுரங்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரு வீட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன் விறகு மிச்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விறகு பொறுக்க, பாத்திரத்தின் கரியைத் தேய்க்க, அடுப்பை ஊத என்று போன நேரத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மிஞ்சுகிறது என்றும் சொல்கிறார்கள்.

சிலிண்டர் வராத ஐந்து மாதங்கள்

2015 ஏப்ரலில் நேபாளத்தைப் பூகம்பம் குலுக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், புதிய அரசியல் சாசனத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் இந்திய எல்லையில் லாரிகள் நின்றுபோயின. பெட்ரோல் இல்லை, சமையல் கேஸ் இல்லை. கிட்டத்தட்ட ஐந்து மாதம். காத்மாண்டுவில் சிலிண்டருக்காக நீண்ட வரிசைகள், வந்த சிலிண்டரையும் பாதி நிரப்பிக் கொடுத்தார்கள். ஓட்டல்கள் மெனுவைச் சுருக்கின. மாடி வீடுகளின் மொட்டைமாடியில் மேஜை, நாற்காலியை உடைத்து விறகாக எரித்த குடும்பங்களும் உண்டு.

சித்வனின் கலன் வீடுகளில் அந்த மாதங்களிலும் காலையில் கைப்பிடி சுற்றியது, டீ கொதித்தது. கேலி செய்து சிலிண்டருக்கு மாறியிருந்த சிலர், மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்து சாணம் கரைத்தார்கள். எருமைக்கு எந்த எல்லையிலும் சோதனைச் சாவடி இல்லை.

காடும் இந்தக் காலத்தில் திரும்பி வந்திருக்கிறது. சௌராஹாவை அடுத்த பாக்மாரா சமூகக் காடு, 1980களின் முடிவில் மாடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்த நிலம். ஊர்க்காரர்களே மரம் நட்டு, மேய்ச்சலை நிறுத்தி, மாடுகளைக் கொட்டிலில் கட்டித் தீவனம் போட ஆரம்பித்தார்கள். மாடு கொட்டிலில் நின்றால் சாணமும் கொட்டிலிலேயே கிடைக்கும், கலனுக்கு அது வசதி. இன்று அந்தக் காட்டுக்குள் காண்டாமிருகம் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் கட்டிப் போகிறார்கள். 1996-ல் பூங்காவைச் சுற்றிய கிராமங்கள் இடைப்பகுதியாக அறிவிக்கப்பட்டன. பூங்காவின் வருமானத்தில் 30 முதல் 50 சதவிகிதம் அந்தக் கிராமங்களின் வளர்ச்சிக்கு என்பது சட்டம்.

2021 கணக்கெடுப்பில் நேபாளம் முழுவதும் 752 காண்டாமிருகங்கள், அதில் 694 சித்வனில். 2022 கணக்கில் சித்வனில் மட்டும் 128 புலிகள். கொண்டாட வேண்டிய எண்கள்தான். ஆனால், காட்டோர ஊர்க்காரர்களிடம் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். மிருகம் பெருகினால் வயலுக்கும் வரும், வாசலுக்கும் வரும். முன்பைவிட இப்போதுதான் காட்டுக்குப் போகாமல் இருப்பது அவசியம்.

எருமையை விற்றுவிட்ட வீடு

இப்படிப்பட்ட நேரத்தில்தான் பல கலன்கள் காலியாகக் கிடக்கின்றன. கட்டியது பிழையில்லை. போடுவதற்குச் சாணம் இல்லை.

நேபாள கிராமங்களில் இளைஞர்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டு வருமானத்தில் கால் பங்குக்கு நெருக்கமாக இருக்கிறது. வீட்டில் இருப்பது வயதான பெற்றோர், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். மூன்று எருமைக்குப் புல் அறுப்பது யார்? ஒன்றை விற்கிறார்கள், பிறகு இன்னொன்றை. கத்தாரிலிருந்து வரும் பணத்தில் சிலிண்டர் வாங்குவது சுலபம். மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருந்த காலம் 2016-க்குப் பிறகு போய்விட்டது, இன்டக்‌ஷன் அடுப்பும் வந்துவிட்டது. பாதி வயிற்றுக்குக் கிடைக்கும் கலன் பாதி வாயுதான் தரும். ‘இது சரிப்படாது’ என்று பெயர் கெட்டுப்போகும்.

அதனால் இப்போது பேச்சு, தொட்டிக்குள் வேறு என்ன போடலாம் என்று திரும்பியிருக்கிறது. சித்வன் நேபாளத்தின் கோழிப்பண்ணை மாவட்டம், பாரத்பூரைச் சுற்றி முட்டையும் கறிக்கோழியும்தான் பெரிய தொழில். கோழி எச்சத்தில் வாயு நிறைய உண்டு. ஆனால், அம்மோனியாவும் அதிகம், அதை மட்டும் போட்டால் கலன் திணறும். சௌராஹாவின் ஓட்டல்களில் தினமும் மிஞ்சும் சோறும் தோலும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு எருமையை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் சாணத்தோடு பொடியாக நறுக்கிய தோலையும் சேர்த்தால், இரண்டு எருமைக்குப் பார்த்த கலன் ஓரளவு ஓடும். பெரிய கலனில் வெறும் சமையலறைத் தோலைப் போட்டு நிரப்புவது நடக்காத காரியம். ஒரு வீட்டில் தினம் அரைக் கிலோ, ஒரு கிலோ தோல்தான் விழும். எருமை போனால் மிஞ்சுவது, பக்கத்து வீட்டு ‘தீதி’யிடம் (அக்காவை நேபாளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு கூடைச் சாணம் கேட்டு வாங்குவது. பல வீடுகளில் அது நடக்கிறது. சாணத்துக்கும் இப்போது மதிப்பு கூடிவிட்டது. ஒவ்வொரு முறையும் சும்மா கொடுக்க யாருக்கும் மனம் வராது.

சித்வன் போக அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஓட்டலில் தங்காமல், தாரு குடும்பங்கள் நடத்தும் வீட்டுத் தங்கலில் தங்கினால் மண் சுவர் வீடும், நத்தைக் கறியும், ‘டிக்ரி’ என்ற அரிசிமாவுக் கொழுக்கட்டையும் கிடைக்கும். வீட்டில் கலன் இருந்தால் காட்டச் சொல்லிக் கேட்கலாம், யாரும் மறுப்பதில்லை. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியும் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சேதி. அந்த மாதங்களில் காலை பத்து மணி வரைக்கும் மூடுபனி. மண்ணுக்கடியில் நுண்ணுயிரிகளும் குளிரில் சோம்பிப்போகும், வாயு குறையும், தீ சின்னதாக எரியும். டீ வரக் கொஞ்சம் தாமதமாகும்.